நாவல்ல வர்ற அப்பா ஏன் அட்டைல வெட்டி வச்ச மாதிரி நிக்கறார்?

உங்க கேள்விய ரெண்டு தடவ படிச்சேன். நீங்க சொல்றது இதுதான்: 210 பக்கம் எழுதியாச்சு, கதாநாயகன் ஒரு கவர்மென்ட் பஸ் கண்டக்டர், உங்க அப்பாவ வச்சுத்தான் எழுதறீங்க, அவர் போய் மூணு வருஷம் ஆச்சு. பாத்திரங்கள நல்லா உருவாக்கணும்னு இன்டர்நெட்ல கெடச்ச நூறு கேள்வி படிவம் ஒண்ண எடுத்து எல்லாருக்கும் ஒக்காந்து நெரப்பிட்டீங்க, பிடிச்ச கலர், ராசி, சின்ன வயசு பயம்னு ஒண்ணு விடல. அப்பறமும் படிச்சுப் பாத்த ரெண்டு ஃப்ரெண்டும் 'எல்லாரும் நல்லவங்களா இருக்காங்க, யாரும் ஆளா இல்ல'ன்னுட்டாங்க. இன்னும் என்ன தகவல் சேக்கணும்னு கேக்கறீங்க, சாம்பிளுக்கு ரெண்டு பக்கமும் போட்டிருக்கீங்க. எனக்கென்னமோ கேள்வி அதில்லன்னு தோணுது. தகவல் உங்ககிட்ட தேவைக்கு மேலயே இருக்கு. நல்லாத் தெரிஞ்ச ஒரு ஆள எழுத்துல எப்படி நடமாட விடறதுன்னு தெரியல, அது ஒண்ணு. ரொம்பப் பிடிச்ச ஆளக் குறையோட எழுத கை வரல, அது இன்னொண்ணு. ரெண்டாவத நீங்க வாய் விட்டுக் கேக்கல, ஆனா கேள்வி பூரா அதுதான் இருக்கு.

நான் பெரிய எழுத்தாளர்லாம் இல்ல. 19 வருஷமா பதிப்பகங்களுக்கு ப்ரூஃப் பாக்கறேன், அதுல கடைசி பத்து வருஷமா எடிட்டிங்கும் சேத்து. ஜனவரி சென்னை புத்தகக் கண்காட்சிக்கு முன்னாடி மூணு மாசம் நாவலா வந்து விழும், அதுல நெறைய நாவல எழுதினவர் தவிர மொதல்ல முழுசா படிச்ச ஆள் நானாத்தான் இருப்பேன். சொந்தமா ரெண்டு எழுதினேன், ஒண்ணுதான் அச்சாச்சு, 300 காப்பி, அதுல பாதி இன்னும் என் கட்டிலுக்கடியில தூங்குது. அதனால நான் சொல்றதெல்லாம் ஜெயிச்ச கதை இல்ல, எங்க எங்க சறுக்குதுன்னு பாத்துப் பாத்து வந்த பழக்கம். அதுவும் குடும்பம், தெரு, வேலைன்னு நடக்கற நாவலுக்குத்தான் என் பேச்சு செல்லும். மாயாஜாலக் கதை, துப்பறியும் கதைலாம் வேற கணக்கு, அங்க என்னக் கேக்காதீங்க.

மொதல்ல அந்த நூறு கேள்வி. தப்புன்னு சொல்ல மாட்டேன், சிலருக்கு ஒக்காந்து யோசிக்க அது ஒரு சாக்கு. ஆனா ஜாதகம் கைல இருந்தும் பொண்ணு வீட்டப் பத்தி பக்கத்து வீட்லயும் தெருமுனைக் கடைலயும் போய் விசாரிக்கறாங்க இல்ல, ஏன்? ஜாதகத்துல பொறந்த நேரம் இருக்கு, ஆள் இல்ல. நாவல் எழுதறவர் அந்த விசாரிக்கற வேலையத்தான் பண்ணணும். கடைல கணக்கு வச்சிருக்காரா, மாசம் பொறந்தா தானா தர்றாரா இல்ல கேட்டாத்தான் தர்றாரா, அவர் தெருவுல வர்றப்ப யார் எந்திரிச்சு நிக்கறா, யார் அந்தப் பக்கம் திரும்பிக்கறா. நூறுல நான் வச்சுக்கறது நாலஞ்சுதான். காசு எங்கருந்து வருது, யாருக்கு எவ்ளோ தரணும், யாரக் கண்டா பயம், வீட்ல யாருக்கும் தெரியாம என்ன வச்சிருக்கார், அவர யார் யார் என்னன்னு கூப்புடறாங்க. கடைசிக் கேள்வி தமிழ்ல எழுதறவங்களுக்குப் புதையல், அதுக்கு அப்பறம் வர்றேன்.

இத்தன வருஷத்துல சந்தேகமே இல்லாம தெரிஞ்சுக்கிட்டது ஒண்ணு உண்டு. எதிர்ல நிக்கற ஆள் மாறினா பாத்திரமும் மாறணும், அப்பதான் அது ஆளு. உங்க அப்பாவையே எடுத்துக்கங்க, காலைல மொத டிரிப்பு. டிரைவர் அஞ்சு வயசு சின்னவரா இருப்பாரு, ஆனாலும் ஸ்டியரிங் அவர் கைல இருக்கறதால 'அண்ணே' தான். ஸ்கூல் பசங்க படில தொங்கினா 'டேய் மேல வாடா, நீ விழுந்தா ஒங்கப்பன் வந்து என் சட்டையத்தான் புடிப்பான்'. கூடையோட ஏர்ற பூக்காரம்மாவுக்கு லக்கேஜ் போட மாட்டாரு, ஆனா சும்மாவும் விட மாட்டாரு, 'வழில வைக்காதம்மா, எத்தன நாளு சொல்றது'ன்னு ஒரு சத்தம் உண்டு, அந்தச் சத்தந்தான் அவர் போடற லக்கேஜ் சார்ஜு. இன் பண்ணின ஆள் ஒருத்தர் 500 ரூபா நோட்ட நீட்டினா இவர் வாயே தெறக்க மாட்டாரு, நோட்ட நீளவாக்குல மடிச்சு விரல் இடுக்குல வச்சுக்கிட்டு, டிக்கெட் பின்னாடி பாக்கிய கிறுக்கிக் குடுத்துட்டு நகந்துருவாரு, எறங்கற வரைக்கும் அந்த ஆள் கழுத்த நீட்டி நீட்டிப் பாத்துக்கிட்டே வரட்டும்னு. செக்கர் ஏறினா முதுகு நிமிந்துரும், குரல் எறங்கிரும், 'சார்' வந்துரும், டிக்கெட் கணக்கு எழுதற வே பில்ல நீட்டறப்ப அன்னிக்கு எல்லாக் கணக்கும் சரியா இருந்தாக்கூட அடிவயித்துல ஒரு சின்ன இழுப்பு இருக்கும். ராத்திரி டிப்போல காசு கட்டிட்டு வீட்டுக்கு வந்தா, நாள் பூரா அறுபது எழுபது பேர்ட்ட கத்தின மனுஷன், தட்டு முன்னாடி ஒக்காந்து ஒரு வார்த்த பேச மாட்டாரு. இத்தனையும் ஒரே ஆளு. நீங்க போட்ட ரெண்டு பக்கத்துல அவர் டீக்கடைக்காரர்ட்ட, மகள்ட்ட, யூனியன் ஆள்ட்டன்னு மூணு பேர்ட்ட பேசறாரு, மூணுலயும் ஒரே நிதானம், ஒரே பொறுமை. ரிட்டயர்டு தமிழ் வாத்தியார் மாதிரி இருக்கு, கோவிச்சுக்காதீங்க.

இப்ப அந்தக் கூப்புடற விஷயம். தமிழ்ல வாயத் தெறந்தாலே நீயா நீங்களான்னு முடிவு பண்ணியாகணும். அந்த முடிவுல வயசு இருக்கு, சாதி இருக்கு, சம்பளம் இருக்கு, பழைய சண்ட இருக்கு. அதவிட சுவாரசியம் என்னன்னா, முடிவு பண்ண முடியாதப்ப நம்ம ஆளுங்க என்ன பண்றாங்கங்கறதுதான். 'சாப்டாச்சா', 'எப்ப வந்தது', 'கெளம்பறது எப்போ'ன்னு ஆளையே வாக்கியத்துலருந்து தூக்கிருவாங்க. நீயும் வராது நீங்களும் வராது. உங்க கண்டக்டரோட ஒண்ணா படிச்சவன், டவுசர் கிழிஞ்சப்ப பின்னாடி நின்னு மறச்சவன், அந்த டிப்போவுக்கே மேனேஜரா வந்து சேர்றான்னு வச்சுக்கங்க. மொத நாள் ரெண்டு பேரும் டிப்போ வாசல்ல பாத்துக்கறாங்க. 'டீ சாப்டலாமா?' 'இப்பதான் ஆச்சு.' 'வீட்ல எல்லாம் சௌக்கியமா?' 'ம், சௌக்கியந்தான்.' யாரும் யாரையும் கூப்புடல. ஆறு மாசங்கழிச்சு ஒரு மெமோ விஷயத்துல இவர் ரூமுக்குள்ள போறாரு, கதவச் சாத்திட்டு அவன் 'டேய் உக்காருடா'ங்கறான், இவர் நின்னுக்கிட்டே 'பரவால்ல சார்'ங்கறாரு. அவ்ளோதான், அந்த நட்புக்கு என்ன ஆச்சுன்னு நீங்க ஒரு வரி வெளக்கம் எழுத வேணாம். அதே மாதிரி முப்பது வருஷம் 'என்னங்க'ன்னு கூப்ட்ட பொண்டாட்டி ஒரு நாள் 'நீ என்ன செஞ்ச எனக்கு'ன்னு கேட்டா, அதவிடப் பெரிய க்ளைமேக்ஸ் கெடையாது, அங்க போய் 'கண்கள் சிவந்தன, குரல் நடுங்கியது'ன்னு எழுதிக் கெடுத்துராதீங்க. வர்ற பிரதிகள்ல நான் மொதல்ல பண்ற சோதனை இது: வசனத்துல யார் சொன்னாங்கங்கறத பேனாவால அடிச்சுட்டுப் படிப்பேன். யார் பேசறாங்கன்னு தெரிஞ்சா பாத்திரம் இருக்கு. ஒரு நாவல்ல பாட்டி, பத்தாங்கிளாஸ் பேரன், கலெக்டர் மூணு பேரும் 'அதாவது'ன்னு ஆரம்பிச்சாங்க, விசாரிச்சா எழுதினவர் ஃபோன்லயும் அப்படித்தான் ஆரம்பிக்கறார்.

பாத்திரத்துக்கு முரண் வேணும்னு எல்லாரும் சொல்லுவாங்க, ஆனா பாதிப் பேரு அத மசாலா மாதிரி மேல தூவிடறாங்க. ரவுடி, ஆனா பூனை வளக்கறான். வாத்தியார், ஆனா ரகசியமா குடிக்கறார். இது முரண் இல்ல, ஒட்டு. நல்ல முரண்ல ரெண்டு கொம்பும் ஒரே வேர்லருந்து வரும். உங்க கண்டக்டர் பஸ் கார்ப்பரேஷன் காசுல ஒரு ரூபா தொட மாட்டாரு, ஷார்ட்டேஜ் வந்தா கைக்காசு போட்டுக் கட்டுவாரு, அதே ஆள் கலெக்‌ஷன் பேட்டா (வசூலுக்கு ஏத்தாப்ல தர்ற படி) எவ்ளோ வந்துச்சுன்னு வீட்ல மட்டும் கொறச்சுச் சொல்வாருன்னு வைங்க. மொதப் பார்வைக்கு ரெண்டும் இடிக்கும். ஆனா ரெண்டுக்கும் வேரு ஒண்ணுதான், அவருக்குத் தன் கை தாழ்ந்துரக் கூடாது. ஆபீஸ்ல எவனும் கை நீட்டிக் கேட்டுரக் கூடாது, வீட்ல இவர் கை நீட்டிக் கேக்கற நெலம வந்துரக் கூடாது, அதுக்காக கொஞ்சம் ஒதுக்கி வச்சுக்கறாரு. அந்த வேர நீங்க நாவல்ல எங்கயும் எழுதக் கூடாது, ஆனா உங்களுக்குத் தெரிஞ்சிருக்கணும். தெரிஞ்சா, தங்கச்சி கல்யாணத்துல அவர் என்ன பண்ணுவாரு, ஆஸ்பத்திரில படுத்தா யார்ட்ட சொல்லுவாருன்னு உங்களுக்கே வந்துரும்.

இனிமே கஷ்டமான எடம். என் மொத நாவல்ல என் பெரியம்மாவ எழுதினேன். எங்கள வளத்தவங்க, எங்கம்மாவுக்கும் மேல. தியாகம், பொறும, வெத்தலப்பாக்கு வாசன, கருணைன்னு இழைச்சு இழைச்சு எழுதிருந்தேன். பெரியம்மா மகளே படிச்சுட்டு ஃபோன் பண்ணினா, 'நல்லாருக்குண்ணே, ஆனா இது யாரு?'ன்னு கேட்டா. எனக்குச் சுருக்குன்னு ஆச்சு. அப்பறம் அவளே சொன்னா, 'இட்லிய மறந்துட்டியா?' பெரியம்மா இட்லித் தட்டுலருந்து எடுத்து வைக்கறப்ப, எங்க எல்லாருக்கும் எண்ணாம வைப்பாங்க, சின்னச் சித்திக்கு மட்டும் எண்ணுவாங்க. மூணு. சித்தி இன்னொண்ணு கேட்டா வைப்பாங்க, இல்லன்னு சொல்ல மாட்டாங்க, ஆனா கேக்க வைப்பாங்க. சித்தி பாதி நாள் கேக்க மாட்டாங்க, தட்டுல கைய வச்சுக்கிட்டு சட்னிய வழிச்சுக்கிட்டு இருப்பாங்க. நான் பத்து வருஷம் அந்த அடுப்படில ஒக்காந்து பாத்தது அது, 180 பக்கத்துல ஒரு வரி இல்ல. மறந்துட்டேன்னு இல்ல, எழுதினா பெரியம்மாவக் காட்டிக் குடுத்த மாதிரி ஆயிரும்னு கை தானா அந்தப் பக்கம் போகல. இப்ப யோசிச்சா, அந்த இட்லி இருந்திருந்தா பெரியம்மா எங்களுக்கு எண்ணாம வச்சதுக்கே ஒரு மதிப்பு வந்திருக்கும். புஸ்தகம் அச்சாகி முடிஞ்சுது, ஒண்ணும் பண்றதுக்கில்ல.

நீங்க சொல்றபடி, உங்க நாவல்ல அப்பா பண்ற ஒரே தப்பு, ஒரு தடவ மகன அடிச்சுட்டு ராத்திரி பூரா அழறது. அது தப்பே இல்லயே, அதுவும் நல்ல குணம்தான், தப்பு வேஷத்துல வந்திருக்கு. அழறாருங்கறதால ஞாபகம் வருது, தொல்காப்பியத்துல மெய்ப்பாட்டியல்னு ஒரு பகுதி இருக்கு, பொருளதிகாரத்துல, மனசுல இருக்கற உணர்ச்சி வெளில தெரியறதப் பத்தி. எடிட்டிங் வேலைக்கு எனக்கு அதவிட ஒதவின கருவி வேற இல்ல. நகை, அழுகை, இளிவரல் (அவமானம்), மருட்கை (வியப்பு), அச்சம், பெருமிதம், வெகுளி, உவகைன்னு எட்டு, ஒவ்வொண்ணும் எதனால வருதுன்னு நாலு நாலு காரணம். அழுகைக்கு இளிவு, இழவு, அசைவு, வறுமை. அவமானப்பட்டு வர்ற அழுக, எதையோ பறிகொடுத்து வர்றது, முன்ன இருந்த நெலமலருந்து தாழ்ந்து போனதால வர்றது, இல்லாமையால வர்றது. பிரதில எங்க 'அவன் அழுதான்'னு வந்தாலும் ஓரத்துல பென்சில்ல இந்த நாலுல எதுன்னு எழுதுவேன், எதுன்னே சொல்ல முடியலன்னா அங்க எழுதினவருக்கே ஆளத் தெரியலன்னு அர்த்தம். உங்க கண்டக்டர் ரிட்டயர் ஆனப்பறம் ஒரு நாள் அவர் ஓடின ரூட்லயே பயணியா ஏறுறாரு, கைல டிக்கெட் மெஷினோட கண்டக்டரா நிக்கற ஒரு சின்னப் பையன் 'பெருசு, உள்ள போ, வழில நிக்காத'ங்கறான். அதுதான் அசைவு. அவர் அங்க அழக்கூட வேணாம், பழக்கத்துல கை தானா விசிலத் தேடினாப் போதும்.

ஒரே ஒரு ஆளோட ஒரே ஒரு செயல் இன்னொரு ஆளையே வேறயாக்கிரும், அதுக்கு ஜெயகாந்தன்ட்ட ஒரு நல்ல உதாரணம் இருக்கு. 1966ல ஆனந்த விகடன்ல வந்த 'அக்கினிப் பிரவேசம்' சிறுகதைல, கெட்டுப் போய் வந்த பொண்ண அம்மா அடிச்சு அழுதாலும் கடைசில தலைல தண்ணிய ஊத்தி விஷயத்த நாலு சுவத்துக்குள்ள முடிச்சுருவா. அதுக்குப் பெரிய சர்ச்ச ஆச்சு. அப்பறம் அவரே 'சில நேரங்களில் சில மனிதர்கள்' எழுதறப்ப, அந்த அம்மா அப்படிச் செய்யாம கூப்பாடு போட்டிருந்தா என்ன ஆயிருக்கும்னு அங்கருந்து ஆரம்பிக்கறார், அண்ணன் வீட்ட விட்டுத் தொரத்தறான், அதே பொண்ணு கங்கான்னு முழுக்க வேற ஒரு பொம்பளயா நமக்குக் கெடைக்கறா. அந்த நாவலுக்குத்தான் 1972ல சாகித்ய அகாதமி. இத நான் ஏன் சொல்றேன்னா, பாத்திரம் சரியா வரலன்னா நாம அந்தப் பாத்திரத்தையே போட்டு நோண்டிட்டிருக்கோம். பக்கத்துல நிக்கறவங்க என்ன பண்ணினாங்கன்னு மாத்திப் பாக்கறதில்ல. உங்க அம்மா பாத்திரம் 210 பக்கத்துல ஒரு தடவயாவது அப்பாவ எதுக்காவது மாட்டேன்னு சொல்றாங்களான்னு பாருங்க. சொல்லலன்னா அப்பா யாருன்னு அவருக்கே தெரிய வாய்ப்பு வராது.

எல்லாப் பாத்திரத்துக்கும் இந்தப் பாடு வேணாம், அது இன்னொரு தப்பு. 1927லயே இங்கிலீஷ் நாவலாசிரியர் இ.எம்.ஃபார்ஸ்டர் தட்டையான பாத்திரம், உருண்ட பாத்திரம்னு பிரிச்சுப் பேசினார், தட்ட கேவலம்னு அவரும் சொல்லல. டீக்கடைக்காரருக்கு ஒரு குணம் போதும், கிளாஸக் கழுவறப்ப எண்ணிக்கிட்டே கழுவுவாருங்கற மாதிரி. அவருக்கு இழந்த காதல்லாம் குடுத்துராதீங்க. நீங்க 14 பேருக்குப் படிவம் நெரப்பினதா சொன்னீங்க, அதுல மூணு பேரு போதும்.

இனி சொல்லப்போறதுலாம் என் அபிப்ராயம், நாளைக்கே மாத்திப்பேன். பாத்திரத்த முழுசா தீர்மானிச்சுட்டு எழுதணுமா, எழுதிக்கிட்டே கண்டுபுடிக்கணுமா? ரெண்டு வகைலயும் நல்ல நாவலும் வந்து பாத்திருக்கேன், குப்பையும் பாத்திருக்கேன், மனுஷனுக்கு மனுஷன் மாறுது. பாத்திரம் தானா எழுந்து பேசும்னு சொல்றாங்களே, அதுல எனக்கு அரைகுறை நம்பிக்கதான். கடன், பயம், கூப்புடற மொற எல்லாம் கட்டி வச்சப்பறம் அந்த ஆள் செய்யறதுக்கு ஒண்ணு ரெண்டு வழிதான் மிஞ்சும், அதத்தான் தானா பேசுதுன்னு சொல்றாங்களோ என்னமோ. வட்டார வழக்கு எவ்ளோ போடலாம்ங்கறதும் அப்படித்தான். என் ருசிக்கு உச்சரிப்ப அப்படியே எழுத்துல கொண்டு வர்றதவிட, அந்த ஊர்க்காரங்க மட்டும் சொல்ற வார்த்த பக்கத்துக்கு ஒண்ணு விழுந்தா போதும். அப்பறம், குடும்பத்துல யாராவது மனசு கஷ்டப்படுவாங்களான்னா படுவாங்க. பேர மாத்தி, ஊர மாத்தி, இன்னொரு கண்டக்டர்ட்டருந்து பாதிய எடுத்துக் கலந்தா கொஞ்சம் கொறையும். கலக்கறதுல இன்னொரு லாபம், அப்பான்னு கை நடுங்கறதும் கொறையும்.

கடைசியா ஒண்ணு. கேள்வில போற போக்குல ஒரு வரி எழுதிருக்கீங்க, ரிட்டயர் ஆனப்பறம் அந்தக் கண்டக்டர் தோல் பைய அப்பா பரண்ல போட்டு வச்சிருந்தாரு, யாரையும் தொட விட மாட்டாரு, ஒரு தடவ அம்மா அதுல வெங்காயம் போட்டு வைக்கலாம்னு எறக்கினதுக்கு ரெண்டு நாள் சாப்புடலன்னு. நாவல்ல அது எங்க வருதுன்னு நீங்க சொல்லவே இல்ல, வரலன்னு நெனைக்கறேன். அந்த ரெண்டு நாள எழுதுங்க. அப்பா பக்கமிருந்து வேணாம், வெங்காயத்தக் கைல வச்சுக்கிட்டு நின்ன அம்மா பக்கமிருந்து எழுதுங்க, அவங்களுக்கு அப்ப வந்தது பாவமா, எரிச்சலா, 'முப்பது வருஷமா இந்தப் பையோட வாழ்ந்தவரு'ங்கற மாதிரி ஏதாவதா, அத நீங்கதான் சொல்லணும். அவங்க இருந்தா அவங்களையே கேட்டுருங்க. மூணு பக்கம் போதும், எழுதிட்டு இங்கயே போடுங்க, பென்சிலோட படிச்சுச் சொல்றேன், அக்டோபருக்குள்ள போட்டீங்கன்னா நல்லது, அதுக்கப்பறம் ஜனவரி வரைக்கும் எனக்குத் தலை நிமிர நேரமிருக்காது.